பழைய லேப்டாப்புக்கு புது ஓஎஸ்: அழிக்கறதுக்கு முன்னாடியும் அப்புறமும்

நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் நெறைய வீட்டுல பீரோ மேல ஒரு பழைய லேப்டாப் தூசி படிஞ்சு கெடக்குது. பாதி 2011ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல பசங்களுக்கு வந்தது, மூடி மேல கோபுர சின்னம் இருக்குமே அதான். மீதி ஓசூர்ல வேலைக்குப் போறவங்க பெங்களூரு எஸ்பி ரோட்டுல செகண்ட்ஸ்ல பாத்து வாங்கிட்டு வந்தது. ஆன் பண்ணா ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருக்கும், குரோம் தொறந்தா ஃபேன் கத்தும், சரி இது அவ்ளோதான்னு மூடி வச்சுடறாங்க. அப்படி வைக்க வேண்டியதே இல்லங்க. சுத்தமா அழிச்சுட்டு புதுசா ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர்) போட்டா இன்னும் சில வருஷம் நல்லாவே ஓடும். ஆனா ஒண்ணு, ஓஎஸ் ஏத்தறது சின்ன வேலை, அழிக்கறதுக்கு முன்னாடி பாக்கற வேலைதான் பெரிய வேலை, அதுல அவசரப்பட்டவங்கதான் கல்யாண போட்டோவையும் கடைக் கணக்கையும் தொலைச்சுட்டு நிக்கறாங்க.

மொதல்ல ஹார்ட் டிஸ்க் உயிரோட இருக்கான்னு பாருங்க. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோனு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதைத் தொறந்தா குட்னு நீலத்துல காட்டணும். காஷன்னு மஞ்சள்ல காட்டுச்சுன்னா டிஸ்க்குல செக்டர் கெட்டுப்போக ஆரம்பிச்சிருக்குனு அர்த்தம், அதுல எந்த ஓஎஸ் போட்டாலும் கொஞ்ச நாள்ல மறுபடியும் அதே கதைதான். உள்ள இருக்கறதை உடனே வேற எடத்துக்கு எடுத்துட்டு அந்த டிஸ்க்கை ஓரம் கட்டிடுங்க. நல்லா இருக்கற டிஸ்க்கா இருந்தாலும் சரி, கையில கொஞ்சம் காசு இருந்தா 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுத்தற தகடு இல்லாத வேகமான டிஸ்க்) ஒண்ணு 240 ஜிபியோ 256 ஜிபியோ வாங்கிப் போடுங்க, பழைய லேப்டாப்புக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. பழைய டிஸ்க் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், எஸ்எஸ்டி 7 தான், அதனால கொஞ்சம் லூசா உக்காரும், டிஸ்க்கைப் புடிச்சிருக்கற தகட்டை மறக்காம இதுல மாத்தி ஸ்க்ரூ போட்டா ஆடாது. இன்னொரு லாபம், பழைய டிஸ்க் அப்படியே தொடாம வெளிய வந்துடும், எதையாவது எடுக்க மறந்திருந்தாலும் அதுல இருக்கும்.

ரேமும் பாத்துக்கோங்க. 2 ஜிபி இருந்தா 4 ஆக்குங்க. இன்டெல் நாலாம் தலைமுறை லேப்டாப்புகள்ல டிடிஆர்3எல்ங்கற ரேம் ரகம்தான் போடணும், சாதா டிடிஆர்3 போட்டா ஆன் ஆகாது, வோல்டேஜ் வேற. பழைய ஸ்டிக்கை கழட்டி கையிலயே எடுத்துட்டுப் போய் காட்டி வாங்குங்க.

இப்ப பேக்கப். எல்லாரும் டெஸ்க்டாப்புல இருக்கறதை மட்டும் காப்பி பண்ணிட்டு ஆச்சுனு நினைச்சுக்கறாங்க. சி டிரைவுல யூசர்ஸ் போல்டருக்குள்ள உங்க பேர்ல இருக்கற போல்டரை முழுசா எடுங்க, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. குரோம்ல பாஸ்வேர்டு சேவ் ஆகியிருக்கும், ஜிமெயில் போட்டு சிங்க் ஆகுதான்னு பாருங்க, இல்லன்னா பாஸ்வேர்டு செட்டிங்ஸ்ல எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க. அந்த ஃபைல்ல எல்லா பாஸ்வேர்டும் தொறந்தே இருக்கும், வேலை முடிஞ்சதும் அழிச்சுடணும்.

கடை வச்சிருக்கறவங்க இன்னும் கொஞ்சம் நிதானமா செய்யணும். பாலக்கோடு மண்டியோ காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டியோ, டேலில கணக்கு ஓடுற எடம்னா கம்பெனி செலக்ட் பண்ற ஸ்க்ரீன்லயே டேட்டா எந்த பாத்ல இருக்குனு காட்டும், அங்க போய் நம்பர் பேர்ல இருக்கற போல்டர்களை அப்படியே காப்பி பண்ணுங்க. அதோட டேலி லைசன்ஸை சரண்டர் பண்ணிட்டுத்தான் ஃபார்மட் அடிக்கணும், லைசன்ஸ் அந்த மெஷினோட கட்டியிருக்கும், சரண்டர் பண்ணாம அழிச்சா திருப்பி ஆக்டிவேட் பண்றப்ப அலைச்சல். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வச்சிருக்கறவங்க பயப்பட வேணாம், சர்டிஃபிகேட் டோக்கனுக்குள்ளயே இருக்கு, டிரைவர் (அந்த டிவைஸை ஓட்டற சின்ன சாஃப்ட்வேர்) மட்டும் மறுபடி போட்டுக்கணும்.

அப்புறம் தமிழ் ஃபான்ட். ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர், பத்திரம் எழுதறவங்க எல்லாருக்கும் இது உயிர். பாமினி, வானவில், செந்தமிழ்னு யூனிகோடுக்கு (இப்ப எல்லா மெஷின்லயும் தமிழ் தெரியற பொது முறை) முந்தின ஃபான்ட்ல அடிச்ச ஃபைலை ஃபான்ட் இல்லாம தொறந்தா ‘jkpo;’ மாதிரி இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமா கொட்டும், ஃபைல் கெட்டுப்போச்சுனு நினைச்சு அழிச்சவங்களும் இருக்காங்க. சி டிரைவ்ல விண்டோஸ் போல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு ஒரு போல்டர் இருக்கும், அதை முழுசா பென்டிரைவ்ல போட்டு வைங்க. பத்து வருஷத்துக்கு முந்தின அழைப்பிதழ் மேட்டர் கேட்டு ஒருத்தர் வந்து நிப்பார், அப்ப இந்த போல்டர்தான் காப்பாத்தும்.

காப்பி பண்ணினதை இன்னொரு கம்ப்யூட்டர்ல சொருகி நாலு போட்டோ, ரெண்டு எக்செல் தொறந்து பாருங்க. தொறக்குதுன்னா தான் பேக்கப். அப்புறம் அந்த பேக்கப் டிஸ்க்கை கழட்டி தனியா வச்சுடுங்க, இன்ஸ்டால் நடக்கறப்ப அது லேப்டாப்ல சொருகி இருக்கவே கூடாது, டிஸ்க் லிஸ்ட்ல ரெண்டும் வந்து நிக்கும், தப்பான ஒண்ணை அழிச்சா முடிஞ்சுது.

எந்த ஓஎஸ்? விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14லயே சப்போர்ட் முடிஞ்சுது, 8.1க்கு 2023 ஜனவரி 10ல, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ல. 10ல இருக்கறவங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு பதிஞ்சுக்கிட்டா 2026 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வாங்கிக்கலாம்னு ஒரு வழி குடுத்திருக்காங்க. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்னா எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும். குறுக்கு வழில போட்டுத் தரேன்னு சொல்வாங்க, 2011 கால மெஷினுக்கு அது வேண்டாங்க, ப்ராசஸர் கோர் 2 டுயோவா இருந்தா 24எச்2ங்கற விண்டோஸ் 11 வெர்ஷன் பூட்டே ஆகாது, அதாவது ஆரம்பிக்கவே செய்யாது. டேலி, பயோமெட்ரிக் டிவைஸ், ஏதாவது விண்டோஸ் மட்டுமே ஏத்துக்கற வேலைன்னா விண்டோஸ் 10. வீட்டுல பசங்க படிக்க, யூடியூப், மெயில், ஆன்லைன் அப்ளிகேஷன் போட, இதுக்கெல்லாம் லினக்ஸ் மின்ட்ங்கற ஓஎஸ்ஸோட எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான எடிஷன், தயங்காம போடுங்க. மின்ட் 22க்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும், 2 ஜிபி ரேம்லயும் ஏறும், 4 இருந்தா சந்தோஷமா ஓடும். இலவசம், கிராக் தேட வேண்டிய அவசியமே இல்ல. கிராக் போட்ட விண்டோஸ்ல பேங்க் பாஸ்வேர்டு அடிக்கறதை மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க.

8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு வேணும், உள்ள இருக்கறது எல்லாம் அழியும். ஐஎஸ்ஓ ஃபைலை (ஓஎஸ் முழுசா அடங்கின ஒரே ஃபைல்) அந்தந்த ஓஎஸ்ஸோட சொந்த தளத்துல இருந்து மட்டும் எறக்குங்க, மின்ட்னா கிட்டத்தட்ட 3 ஜிபி, விண்டோஸ் 5 ஜிபிக்கு மேல, கிராமத்துல டவர் சரியில்லன்னா ராத்திரில போட்டு விடுங்க. அதை பென்டிரைவ்ல ஏத்த ரூஃபஸ்ங்கற இலவச சாஃப்ட்வேர் போதும். ரூஃபஸ்ல ஐஎஸ்ஓ செலக்ட் பண்ற எடத்துக்குப் பக்கத்துல ஒரு டிக் பட்டன் இருக்கும், அழுத்தினா ஷா256 நம்பர் (ஃபைல் சரியா இருக்கான்னு பாக்கற நம்பர்) காட்டும், மின்ட் தளத்துல குடுத்திருக்கற நம்பரோட அது ஒத்துப் போகணும், ஒரு எழுத்து மாறினாலும் டவுன்லோட் பாதில கெட்டிருக்கு, மறுபடி எறக்குங்க. பார்ட்டிஷன் ஸ்கீம் (டிஸ்க்கைப் பிரிக்கற முறை) கேக்கும், 2012க்கு முந்தின மெஷின்னா பெரும்பாலும் எம்பிஆர், அதுக்கப்புறம் வந்த, யுஇஎஃப்ஐங்கற புது ஸ்டார்ட்டிங் முறை இருக்கற மெஷின்னா ஜிபிடி.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கரண்ட். பழைய லேப்டாப்ல பேட்டரி செத்திருக்கும், நடுவுல கரண்ட் போனா பாதில நிக்கும். இன்வெர்ட்டர் இருக்கற வீடா பாத்து உக்காருங்க, அந்த இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தா அதுல போடுங்க, சாதா மோட்ல கரண்ட் மாறற அந்த நொடில லேப்டாப் ஆஃப் ஆக வாய்ப்பு இருக்கு.

பென்டிரைவை சொருகி ஆன் பண்ணினதும் பூட் மெனு (எதுல இருந்து ஆரம்பிக்கணும்னு கேக்கற லிஸ்ட்) கீயைத் தட்டிக்கிட்டே இருங்க. டெல், லெனோவாக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்9, ஏசருக்கும் எஃப்12 தான் ஆனா எஃப்2 தட்டி பயாஸ்குள்ள (ஓஎஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் ஸ்க்ரீன்) போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் பண்ணினாத்தான் வேலை செய்யும். பயாஸ்குள்ள போனதும் தேதியைப் பாருங்க. வருஷக்கணக்கா கெடந்த மெஷின்ல தேதி பல வருஷம் பின்னாடி போய் நிக்கும், உள்ள இருக்கற சின்ன காயின் பேட்டரி தீந்திருக்குனு அர்த்தம். தேதி தப்பா இருந்தா பிரவுசர்ல எந்த சைட்டைத் தொறந்தாலும் பாதுகாப்பு இல்லனு எர்ரர் வரும், அப்டேட்டும் எறங்காது, ஆளுங்க வைஃபையைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க. பெரும்பாலும் சிஆர்2032 தான், வாட்ச் கடைலயே கிடைக்கும், சிலதுல மட்டும் ரெண்டு வயர் வச்ச மாடல் இருக்கும்.

விண்டோஸ்னா கீ கேக்கறப்ப, அந்த மெஷின்ல ஏற்கனவே விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகி இருந்துச்சுன்னா கீ இல்லனு குடுத்துட்டு அதே எடிஷனை செலக்ட் பண்ணுங்க, ஹோம் இருந்தா ஹோம், ப்ரோ இருந்தா ப்ரோ, நெட் கனெக்ட் ஆனதும் தானா ஆக்டிவேட் ஆகிடும். அப்புறம் அப்கிரேட், கஸ்டம்னு ரெண்டு வரும், கஸ்டம் தான். டிஸ்க் லிஸ்ட்ல ஒவ்வொரு பார்ட்டிஷனா டெலீட் பண்ணி எல்லாம் ஒரே காலி எடமா ஆனதும் நெக்ஸ்ட். டி டிரைவும் அந்த லிஸ்ட்ல தான் இருக்கும், அதுல இருக்கறதை எடுக்கலன்னா அதைத் தொடாதீங்க. டிஸ்க்கே காட்டலன்னா பயப்படாம பயாஸ்ல சாட்டா மோட்ங்கற டிஸ்க் இணைப்பு செட்டிங்கை ஏஎச்சிஐக்கு மாத்திப் பாருங்க. மொத ரீஸ்டார்ட்ல பென்டிரைவைப் புடுங்கிடுங்க, இல்லன்னா திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

மின்ட்ல இன்ஸ்டால் பண்ணாமயே பென்டிரைவ்ல இருந்து ஓட்டிப் பாக்கலாம், இது பெரிய வசதி. வைஃபை புடிக்குதா, சத்தம் வருதா, கேமரா தெரியுதா எல்லாம் பாத்துட்டு அப்புறம் டெஸ்க்டாப்ல இருக்கற இன்ஸ்டால் ஐகானைத் தொடுங்க. மல்டிமீடியா கோடெக்ஸ்னு (பாட்டு, வீடியோ ஓட தேவையானது) ஒரு டிக் வரும், போட்டுக்கோங்க. எரேஸ் டிஸ்க் குடுத்து, டைம் ஸோன் கொல்கத்தா வச்சு, பாஸ்வேர்டை ஒரு நோட்டுல எழுதி வச்சுட்டு விட்டுடுங்க.

ரெண்டு ஓஎஸ்லயும் போட்டு முடிச்சதும் வைஃபை வராம போறது சகஜம், முக்கியமா பிராட்காம் கம்பெனி வைஃபை கார்டு இருக்கற மெஷின்ல. டிரைவர் எறக்க நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும்னு தலையைப் பிச்சுக்க வேணாம். போனை சார்ஜர் கேபிள்ல லேப்டாப்போட இணைச்சு போன்ல யூஎஸ்பி டெதரிங்கை (போன் நெட்டை கேபிள் வழியா குடுக்கற செட்டிங்) ஆன் பண்ணுங்க, நெட் வந்துடும். மின்ட்ல டிரைவர் மேனேஜர் தொறந்தா அதுவே எதைப் போடணும்னு சொல்லும், விண்டோஸ்ல அப்டேட்டை நாலஞ்சு தடவை ஓட விட்டா பெரும்பாலும் எல்லாம் வந்துடும், வராததுக்கு லேப்டாப் கம்பெனி தளத்துல அடில ஒட்டியிருக்கற மாடல் நம்பரைப் போட்டுத் தேடுங்க.

தமிழ் அடிக்க விண்டோஸ்ல என்எச்எம் ரைட்டர்ங்கற சாஃப்ட்வேர் போட்டுக்கலாம். மின்ட்ல ஐபஸ்ங்கற டைப்பிங் சாஃப்ட்வேரும் அதோட எம்17என் பேக்கேஜும் போட்டா தமிழ்99 கீபோர்டு முறை கிடைக்கும். கடைசியா பேக்கப்பை திருப்பிப் போடுங்க, விண்டோஸ்னா மொதல்ல ஃபான்ட், அப்புறம் டேலி, அப்புறம் மத்தது. எஸ்எஸ்டி மாத்தினவங்க பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டு வச்சுக்கோங்க, ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு, ஒரு மாசக் கணக்கு முடிச்சு, எதுவும் விட்டுப்போகலனு தெரிஞ்சதுக்கு அப்புறம் அதை அழிச்சா போதும்.