பாவசங்கீர்த்தனம் முடிந்தது, பாக்கி தீர்ந்ததா?

பாவசங்கீர்த்தனத்தில் நம் பாவங்களைக் கேட்ட குருவானவர் பாவமன்னிப்பு கொடுத்து, பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் (மாதாவை நோக்கிய செபம்) சொல்லச் சொல்லியிருப்பார். அதைச் சொன்னதோடு கணக்கு முடிந்ததென்று பலர் எழுந்து போய்விடுகிறார்கள். செபம் வேறு, ஈடு வேறு. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை நூலான மறைக்கல்வி 1459ஆம் எண்ணில் இதைச் சொல்கிறது: திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுத் தர வேண்டும், காயப்படுத்தியிருந்தால் ஈடு செய்ய வேண்டும்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, என்ன, எவ்வளவு. ‘பலரை ஏமாற்றினேன்’ என்று எழுதினால் ஒன்றும் நகராது. ‘இன்னாரிடம் 2019இல் 40,000 ரூபாய்’ என்று இருக்க வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது? பைபிளில் லேவியர் நூலின் 6ஆம் அதிகாரத்தில் முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும். 40,000க்கு 8,000 சேர்த்து 48,000. விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரத்தில் திருடிய ஆடு கையில் உயிரோடு பிடிபட்டால் இரு மடங்கு, விற்றோ வெட்டியோ இருந்தால் நான்கு மடங்கு. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி தண்டுபவரான சக்கேயு அந்த நான்கு மடங்கைத்தான் தானாக முன்வந்து சொன்னார். இன்று இவை திருச்சபைச் சட்டம் அல்ல. ஆனால் முதலை மட்டும் கொடுத்தால், இத்தனை வருடம் அந்தப் பணமில்லாமல் அவர் பட்ட நட்டம் அப்படியே நிற்கும்.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. உண்டியலில் போட்டுவிடுகிறார்கள், அல்லது கெபிக்கு (மாதா சுரூபம் வைத்த குகைக்கு) டைல்ஸ் ஒட்டித் தருகிறார்கள். உரியவர் உயிரோடு இருக்கும்போது அது அவருடைய பணத்தில் நீங்கள் போடும் காணிக்கை. அவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு. எடைக் குறைவாக விற்ற கடைக்காரர்போல யாரென்றே தெரியாதவர்களுக்குக் கடன்பட்டிருந்தால் தராசைச் சரிசெய்து, அதே ஊர் ஏழைகளுக்குக் கொடுக்கலாம்.

கொடுக்கும்போது உங்கள் பெயரைச் சொல்லியே தீர வேண்டும் என்பதில்லை. பங்குத்தந்தை வழியாகவும் கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் எவரிடமும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எடுத்ததற்காக வீட்டு வேலைக்காரம்மா பழி சுமந்து வேலையை இழந்திருந்தால், பணம் மட்டும் போதாது. ‘அவர் எடுக்கவில்லை’ என்பது அந்த வீட்டாருக்குத் தெரிய வேண்டும், அவர் இழந்த சம்பளமும் உங்கள் கணக்கில் ஏறும்.

பெயரைக் கெடுத்திருந்தால், சொன்ன இடத்திலேயே திருத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் பரப்பிவிட்டு, தனியாகப் போய்க் காலில் விழுவதால் பயனில்லை. பொய் சொல்லியிருந்தால் ‘நான் சொன்னது பொய்’ என்று அதே குழுவில் எழுத வேண்டும். உண்மையான குறையைத் தேவையில்லாமல் அம்பலப்படுத்தியிருந்தால் சிக்கல் கூடுதல்: பொய் என்று மறுக்க முடியாது. சொல்லியிருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டு, அவரிடம் உள்ள நல்லதைச் சொல்லலாம்.

மன்னிப்புக் கேட்கும்போது செய்தது இன்னது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ‘ஏதாவது மனம் நோகும்படி நடந்திருந்தால்’ என்ற வாக்கியம் மன்னிப்பே அல்ல. கொடுக்க வேண்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்’ என்று அழுத்த வேண்டாம், ஆலயப் பெரியவர்களைக் கூட்டிப் போய் நெருக்கவும் வேண்டாம். உங்கள் மனப்பாரத்தை இறக்குவதற்காக, எதுவும் அறியாத ஒருவரின் குடும்பத்தைக் குலைக்கும் உண்மையை எடுத்துப் போகுமுன் ஆன்ம குருவிடம் கேளுங்கள்.

குழந்தையிடம் செய்த பாலியல் குற்றத்துக்கு இந்த வழி எதுவும் மாற்று ஆகாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அது காவல்துறைக்குப் போக வேண்டிய விஷயம். பணம் கொடுத்துச் சமரசம் பேசுவது இன்னொரு குற்றம். பாதிக்கப்பட்ட பிள்ளையை மன்னிப்புக் கேட்கத் தேடிப் போவதும் கூடாது.

கையில் மொத்தமாக இல்லையென்றால் தவணை: 48,000ஐ மாதம் 4,000 வீதம் ஒரு வருடம். முதல் தவணையை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் மனம் மாறும். வங்கி வழியாக அனுப்பினால் கணக்கு இருக்கும். உரியவர் நிலைமையை அறிந்து, தானாக ‘வேண்டாம், விடுங்கள்’ என்றால் கடன் தீர்ந்தது. கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தீரவில்லை. தொகையைத் தனியே எடுத்து வைத்து, சில மாதம் கழித்து அவர் மதிக்கும் ஒருவர் மூலம் மறுபடி கேளுங்கள்.