நீலகிரியில் மனிதவள வேலை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதவளப் பிரிவில் எம்.பி.ஏ.வோ சமூகப்பணியில் முதுகலையோ முடித்து ஊர் திரும்பும் நீலகிரி இளைஞர்கள், வேலைவாய்ப்புத் தளங்களில் ‘எச்.ஆர். மேனேஜர், ஊட்டி’ என்று தேடிப் பார்த்துவிட்டு, ஓரிரு ஓட்டல் விளம்பரங்களுக்கு மேல் எதுவும் கண்ணில் படாததால், மலையில் இந்தத் துறைக்கு இடமே இல்லை என்று முடிவு கட்டி கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் போன்ற பெரிய ஆலை மூடப்பட்டுவிட்டது உண்மைதான். ஆனால் ஆள் எடுப்பதும் சம்பளக் கணக்குப் பார்ப்பதும் பயிற்சி கொடுப்பதும் தகராறு தீர்ப்பதும் நின்றுவிடவில்லை. எஸ்டேட்டில் நல அலுவலர், தேயிலைத் தொழிற்சாலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ், உறைவிடப் பள்ளியில் நிர்வாக அலுவலர் என்று வேறு பெயர்களில் அவை நடக்கின்றன. பதவியின் பெயரைத் தேடுகிறவருக்கு அவை அகப்படுவதில்லை.

இதைவிடப் பெரிய தவறு, தொழிலாளர் சட்டத்தைத் தேர்வோடு மறந்துவிடுவது. 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 300 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள தோட்டத்தில் நல அலுவலர் கட்டாயம் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை 250 ஆகக் குறைத்திருக்கிறது. மலையில் இந்தத் துறைக்குச் சட்டமே உருவாக்கித் தரும் வேலை இது. நேர்முகத் தேர்விலோ பணியாளர் ஈடுபாடு பற்றி விரிவாகப் பேசுகிறவர்கள், பணிக்கொடை (கிராஜுவிட்டி) எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேட்டால் திணறுகிறார்கள்.

எஸ்டேட் அலுவலகத்தின் அன்றாட வேலை எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தொழிலாளர்களின் வருகையையும் கூலியையும் எழுதும் செக்ரோலில் ‘ராக்கம்மா’ என்றிருக்கும் பெயர் ஆதாரில் ‘ராக்கம்மாள்’ என்றிருக்கும். பிறந்த தேதியோ, யாரோ குத்துமதிப்பாக எழுதிய ஜனவரி 1 ஆக இருக்கும். முப்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வு பெறும் அந்த அம்மாவின் வருங்கால வைப்புநிதி இந்த வேறுபாட்டினாலேயே நின்றுவிடும். பல நேரங்களில் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து உறுதிமொழி கொடுத்துத்தான் அதைத் திருத்த முடியும். இதைப் பொறுமையாக முடித்துக் கொடுக்கத் தெரிந்தவரை எந்த மேலாளரும் எளிதில் விடமாட்டார். கல்லூரிகள் இதைக் கற்றுத் தருவதில்லை என்பது வேறு கதை.

மொழி விஷயத்திலும் தவறான கணிப்பு உண்டு. ஆங்கிலம் வந்தால் போதும் என்பது மேலாளரின் அறைக்கு மட்டுமே பொருந்தும். கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளமும், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளில் இந்தியும் ஓரளவாவது பேச வராதவருக்கு மேஸ்திரிகள் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

பயிற்சியாளர்கள் செய்யும் தவறு, நகரத்தில் நாள் முழுக்க நடத்திய வகுப்பை அப்படியே மலைக்குக் கொண்டுவருவது. கொழுந்து குவியும் மாதங்களில் தொழிற்சாலை இரவிலும் ஓடும், இலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. எந்திரத்தின் உருளைகளில் கை சிக்காமல் இருப்பது பற்றிய பயிற்சிக்கு ஷிப்டு தொடங்கும் முன் கிடைக்கும் இருபது நிமிடம்தான் நேரம். அதை எந்திரத்தின் அருகிலேயே, அதை நிறுத்தி வைத்துச் செய்து காட்ட வேண்டும். பயிற்சியில் பலர் கண்டுகொள்ளாத இன்னொரு வாய்ப்பு 2013 ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் எந்த இடத்திலும் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அந்தக் குழுவில் வெளி உறுப்பினர் ஒருவர் வேண்டும், பணியாளர்களுக்கு விழிப்புணர்வு வகுப்புகளும் நடத்தியாக வேண்டும். ஓட்டல், பள்ளி, தொழிற்சாலை என்று சிறு நிறுவனங்கள் பரவிக் கிடக்கும் மாவட்டத்தில், முழுநேர வேலை கிடைக்காத ஒருவர் இதை முறையாகக் கற்றுக்கொண்டால் பல இடங்களுக்குப் பகுதிநேரமாகப் போய்வரலாம்.

ஓட்டல் வேலைக்கு ஜூன் மாதத்தில் விண்ணப்பிப்பது வீண். ஏப்ரல், மே சீசனுக்கான ஆட்களைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே சேர்த்துப் பழக்கிவிடுவார்கள். வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, சம்பளத்தைக் கோயம்புத்தூர்ச் சம்பளத்தோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது. எஸ்டேட் வேலையோடு பெரும்பாலும் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். சில இடங்களில் மின்சாரமும் விறகும் சேரும். ஆனால் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும், நடுவில் படிக்கும் பிள்ளைகளின் பள்ளியாண்டு முடியும்வரை இருக்கலாமா என்பதைப் பணி நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளாமல் சேரக் கூடாது.