பழைய கார் ஸ்டீயரிங்ல ப்ளே அதிகமா இருக்கா? ஸ்டீயரிங் பாக்ஸ் ஸ்க்ரூவ கடைசியா தொடுங்க

எங்கிட்ட இருக்கிறது பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய கார். நேர் ரோட்ல போகும்போதே ஸ்டீயரிங்க இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டிக்கிட்டே ஓட்டுவேன், வயசான வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஒருநாள் ஃப்ரெண்ட் ஓட்டிப் பாத்துட்டு "என்னடா இது, துடுப்பு போடுற மாதிரி இருக்கு"ன்னான். அப்புறம்தான் ரோஷம் வந்து உக்காந்தேன். நான் சொதப்புனதையும் சேத்தே எழுதுறேன், நீங்களாவது தப்பிச்சுக்கோங்க.

மொதல்ல டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாத்துடுங்க. அப்புறம் ப்ளேவ, அதாவது டயர் அசையாம ஸ்டீயரிங் மட்டும் சும்மா ஆடுற அளவ, அளந்து வைங்க. சக்கரம் நேரா இருக்கணும், ஸ்டீயரிங் வளையத்துல ஒரு டேப் ஒட்டி, வெளிய டயர் லேசா அசைய ஆரம்பிக்கிற வரைக்கும் ஒரு பக்கம், அப்புறம் மறு பக்கம் திருப்பி, டேப் எவ்வளவு தூரம் நகருதுன்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க. எனக்கு கிட்டத்தட்ட 70 மில்லிமீட்டர். பாக்ஸ் (ஸ்டீயரிங் சுத்துறத சக்கரத்துக்கு கடத்துற கியர் பெட்டி) வச்ச பழைய வண்டில சுமார் 25 வரைக்கும்னா நான் அலட்டிக்க மாட்டேன், ராக் அண்ட் பினியன்னா (பாக்ஸுக்குப் பதிலா பல் வச்ச கம்பி இருக்கிற வகை) இதவிட கம்மியா இருக்கணும். சரியான அளவு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும்.

அடுத்து ப்ளே எங்க இருக்குன்னு தேடணும். இதுக்கு ரெண்டு பேர் வேணும். வண்டி தரையிலயே நிக்கட்டும், ஜாக்கி போட்டுத் தூக்குனா ஜாயிண்ட் மேல இருக்கிற லோடு இல்லாம போயிடும், ஆட்டம் சரியா தெரியாது. ஒருத்தர் உள்ள உக்காந்து ஸ்டீயரிங்க டக் டக்னு சின்னதா ஆட்டணும், இன்னொருத்தர் ஸ்டீயரிங் ஷாஃப்ட் ஜாயிண்ட், பாக்ஸ் மவுண்டிங் போல்ட், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸ்ல இருந்து வர்ற கை), ஐட்லர் ஆர்ம் (மறு பக்கம் தாங்குற கை), டை ராட் எண்ட் (சக்கரத்த திருப்புற கம்பியோட முனை ஜாயிண்ட்)னு வரிசையா ஒவ்வொரு ஜாயிண்ட் மேலயும் விரல வச்சுப் பாக்கணும். ரெண்டு பக்க இரும்புலயும் படுற மாதிரி விரல வைங்க. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்கு "டிக்"னு தெரியும். நசுங்குற இடத்துல மட்டும் விரல விட்டுடாதீங்க. எனக்கு இடது பக்க வெளி டை ராட் எண்ட் அப்படி அடிச்சுது, அதோட சேஸில பாக்ஸப் பிடிச்சிருக்கிற மூணு போல்ட்ல ஒண்ணு கையாலயே சுத்துச்சு!

அப்புறம் முன்சக்கரத்த தூக்கி ஸ்டாண்ட் மேல வச்சு (வெறும் ஜாக்கிய நம்பி அடியில போகவே கூடாது, பின்சக்கரத்துக்கு கட்டை போடுங்க) டயர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடுச்சுன்னா இன்னொருத்தர பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலன்னா பால் ஜாயிண்ட் (சக்கரத்த சஸ்பென்ஷனோட இணைக்கிற உருண்டை மூட்டு).

டை ராட் எண்ட் மாத்துறது பெரிய வேலை இல்ல. முந்தின நாள் ராத்திரியே துரு எடுக்கிற ஆயில் அடிச்சு விட்டுடுங்க. ஜாயிண்ட கழட்ட ஃபோர்க் மாதிரி ஒண்ண சுத்தியலால அடிச்சு ஏத்துவாங்க, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது, ரப்பர் பூட்ட கிழிச்சுடும். புல்லர் (அடிக்காம திருகியே ஜாயிண்ட பிரிக்கிற டூல்) வாங்கிக்கோங்க, ஒரு தடவ வாங்குனா ஆயுசுக்கும் போதும். பழச கழட்டும்போது எத்தன சுத்துல வெளிய வருதுன்னு எண்ணி, புதுசையும் அதே சுத்து உள்ள ஏத்துங்க. பல வண்டில ஒரு பக்கம் மரை தலைகீழா இருக்கும், சுத்தலன்னு பலத்த காட்டாதீங்க. ஸ்பிளிட் பின் (நட் கழலாம பூட்டுற பின்) புதுசுதான் போடணும். பின் ஓட்டைக்கு நட் நேரா வரலன்னா இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க, லூஸ் பண்ணக் கூடாது.

இப்ப நான் சொதப்புன கதை. மேல சொன்ன எதையுமே பாக்காம மொதல்ல நான் தொட்டது பாக்ஸ் மேல இருக்கிற அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவ. கை எட்டுற இடத்துல இருக்கு, லாக் நட்ட லூஸ் பண்ணி ஒரு முழு சுத்து டைட் வச்சேன். ப்ளே குறைஞ்சுது, ஒரே சந்தோஷம். ரோட்ல எறங்கி ஒரு வளைவுல திரும்புனா ஸ்டீயரிங் தானா நேருக்கு வரவே இல்ல, இழுத்து நேராக்க வேண்டியதா போச்சு, வேர்த்துடுச்சு. காரணம் என்னன்னா, அந்த கியர் நடு பாயிண்ட்லதான் டைட்டா இருக்கும், ரெண்டு ஓரத்துலயும் லூசா விட்டு செஞ்சிருப்பாங்க. நான் சக்கரம் திரும்பி நின்னப்போ டைட் வச்சேன், நடுவுக்கு வந்தப்போ பிடிச்சுக்கிச்சு. அப்படியே ஓட்டுனா கியர் தேஞ்சு பாக்ஸே போயிடும்.

சரியான முறை இதுதான். லிங்கேஜ (பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பிகள) பாக்ஸ்ல இருந்து பிரிச்சுடுங்க. ஸ்டீயரிங்க ஒரு கோடில இருந்து மறு கோடி வரைக்கும் மெதுவா திருப்பி (கோடில இடிக்காதீங்க) எத்தன சுத்துன்னு எண்ணி, பாதில நிறுத்துங்க, அதுதான் நடு. அங்க வச்சு ஸ்க்ரூவ எட்டுல ஒரு சுத்து மட்டும் டைட் பண்ணி, ஆட்டம் போயிடுச்சான்னு பாருங்க. லாக் நட்ட டைட் பண்ணும்போது ஸ்க்ரூவும் கூடவே சுத்தும், அதனால ஒரு கையில திருப்புளியால ஸ்க்ரூவ அசையாம பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில ரிங் ஸ்பேனர். எனக்கு மூணு தடவ இதுலயே போச்சு. முடிஞ்சதும் கோடிக்கு கோடி திருப்பிப் பாருங்க, நடுவுல லேசா கனம் தெரியலாம், பிடிக்கக் கூடாது. பாக்ஸ்ல ஆயில் அளவும் பாத்துடுங்க, எந்த ஆயில்னு மேனுவல்ல பாத்து ஊத்துங்க.

டை ராட்ல கை வச்சா அலைன்மென்ட் (சக்கரங்களோட கோணத்த சரி பண்றது) கட்டாயம். எனக்கு எல்லாம் முடிஞ்சு 20 மில்லிமீட்டர்ல நிக்குது.

அப்டேட்: அலைன்மென்டுக்கு அப்புறம் ஸ்டீயரிங் கோணலா நிக்குதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. ஸ்டீயரிங் வீல மட்டும் கழட்டி நேரா மாட்டிடாதீங்க. அப்படி செஞ்சா பாக்ஸோட நடு பாயிண்ட் ஒரு ஓரமா போயிடும், நேரா போகும்போதே ப்ளே திரும்ப வந்துடும். பாக்ஸ நடுவுல நிறுத்தி வச்சு, ஒரு பக்க டை ராட எவ்வளவு நீட்டுறீங்களோ மறு பக்கத்த அதே அளவு குறைங்க.