யூஎஸ்பி பவர் சிக்கலா? டிரைவர் கோடில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

லினக்ஸில் யூஎஸ்பி கருவி வேலை செய்யவில்லை, கெர்னல் லாக்கில் பவர் என்ற சொல் கண்ணில் பட்டது, உடனே டிரைவரைத் திறந்து புரோப் ஃபங்ஷனில் (கருவி டிரைவருடன் இணையும்போது கெர்னல் அழைக்கும் பகுதி) பிரிண்ட் வரிகளைப் போட ஆரம்பிப்பது பலரும் செய்கிற தவறு. அந்த வரிகள் ஒன்றுகூட லாக்கில் வராது, வெண்டர் ஐடி (தயாரிப்பாளர் எண்) பிழையோ என்று டிரைவரின் ஐடி அட்டவணையைத் தோண்டுவதில் இன்னும் நேரம் போகும். உண்மையில் லாக்கில் ‘இன்சஃபிஷியன்ட் அவைலபிள் பஸ் பவர்’ (பஸ்ஸில், அதாவது யூஎஸ்பி இணைப்பில், போதிய மின்சாரம் இல்லை) என்று முடியும் வரி இருந்தால், கெர்னல் அந்தக் கருவியின் கான்ஃபிகரேஷனையே (அது இயங்கக் கேட்கும் அமைப்பு) ஏற்கவில்லை. கான்ஃபிகரேஷன் இல்லையென்றால் இன்டர்ஃபேஸ் (டிரைவர் இணையும் பகுதி) இல்லை, இன்டர்ஃபேஸ் இல்லாமல் உங்கள் புரோப் அழைக்கப்படாது. சிக்கல் டிரைவருக்கு வெளியே இருக்கிறது.

இந்த முடிவை எடுக்கும்போது கெர்னல் எந்த மின்னோட்டத்தையும் அளப்பதில்லை. கருவி தன் டிஸ்கிரிப்டரில் (தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் தகவல்) ‘எனக்கு இவ்வளவு வேண்டும்’ என்று எழுதியிருக்கும் எண்ணையும், அந்த போர்ட் இவ்வளவுதான் தரும் என்று தான் கணக்கு வைத்திருக்கும் எண்ணையும் ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். யூஎஸ்பி 2.0-இல் சாதாரண போர்ட்டுக்கு 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0-இல் 900. ஆனால் தனி அடாப்டர் இல்லாமல் பஸ்ஸிலிருந்தே மின்சாரம் எடுக்கும் 2.0 ஹப் என்றால் ஒரு போர்ட்டுக்கு வெறும் 100.

ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) எழுதுகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். டிஸ்கிரிப்டரில் கேட்கும் மின்னோட்டத்தைச் சொல்லும் மேக்ஸ்பவர் ஒற்றை பைட், அதன் அலகு 2 மில்லி ஆம்பியர். 100 மில்லி ஆம்பியர் போதும் என்று நினைத்து 100 என்றே எழுதினால் அது 200 கேட்டதாக அர்த்தம், நேரடியாகக் கணினியில் செருகினால் எல்லாம் ஒழுங்காக ஓடும், மேலே சொன்ன ஹப்பில் செருகினால் மட்டும் நிராகரிக்கப்படும். எழுத வேண்டியது 50. சூப்பர் ஸ்பீடில் (யூஎஸ்பி 3.0 வேகம்) அதே பைட்டின் அலகு 8 மில்லி ஆம்பியர் ஆகிவிடுவதால், 2.0-க்கு எழுதிய 250-ஐ அப்படியே நகலெடுத்தால் 2000 கேட்கிறீர்கள், அதை எந்த போர்ட்டும் ஏற்காது. லினக்ஸையே கேட்ஜெட்டாக (யூஎஸ்பி கருவியாக) ஓட்டி கான்ஃபிக்எஃப்எஸ் (அமைப்புகளைக் கோப்புகளாக எழுதும் வழி) வழியாக எழுதினால் கதை வேறு: அங்கே மேக்ஸ்பவரை மில்லி ஆம்பியரிலேயே கொடுக்க வேண்டும், கெர்னலே வகுத்துக்கொள்ளும், நீங்களும் ஒருமுறை பாதியாக்கிவிடாதீர்கள்.

சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் கருவிகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) கருவியின் கான்ஃபிகரேஷன் வேல்யூ கோப்பில் 1 என்று எழுதி, நிராகரிப்பை மீறி வலுக்கட்டாயமாக இயக்க முடியும். சோதனைக்கு இது அருமையான வழி. ஆனால் அதையே யூடெவ் விதியாக்கி (கருவி செருகியதும் தானாக நடக்கும்படி செய்து) நிரந்தரத் தீர்வு என்று வைத்துவிடாதீர்கள், ஹப்பால் தர முடியாத மின்சாரம் விதி எழுதியதால் வந்துவிடாது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. ஹப்பில் அடாப்டர் செருகவே இல்லை, ஆனாலும் அது ‘எனக்குச் சொந்த மின்சாரம் இருக்கிறது’ என்று சொல்கிறது. கெர்னல் நம்பி அனுமதிக்கும், லாக்கில் நிராகரிப்பு இருக்காது, ஆனால் கருவி லோடு எடுக்கும் நேரத்தில் ரீசெட் ஆகும் அல்லது துண்டிக்கப்படும். இதை டிரைவர் பிழை என்று எண்ணித் தேடினால் நாட்கள் வீணாகும். முதலில் ஹப்பை நடுவிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள்.

சரி, கருவி நன்றாகவே தொடங்குகிறது, சும்மா இருந்தால் சில வினாடிகளில் செத்துவிடுகிறது என்றால் அது ஆட்டோசஸ்பெண்ட், அதாவது சும்மா இருக்கும் கருவியைக் கெர்னல் தூங்க வைப்பது. இயல்பான காத்திருப்பு 2 வினாடி. சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தக் கருவியின் பவர் கன்ட்ரோல் கோப்பில் ‘ஆன்’ என்று எழுதிப் பாருங்கள், பிரச்சினை நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. ‘ஆன்’ என்றால் மின்சேமிப்பு ஆன் என்று பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கருவி எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்பதே அதன் பொருள், தூங்க அனுமதிப்பது ‘ஆட்டோ’. பூட் பாராமீட்டரில் மொத்த சிஸ்டத்துக்கும் ஆட்டோசஸ்பெண்டை அணைப்பது ஒரு டிரைவரின் பிழைக்காக எல்லாக் கருவிகளையும் விழித்திருக்க வைப்பது, அதைச் செய்யாதீர்கள்.

டிரைவரில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். ஆட்டோபிஎம் கெட் அழைப்பும் (தூங்காதே என்பது) புட் அழைப்பும் (இனி தூங்கலாம் என்பது) எண்ணிக்கையில் சமமாக இருக்க வேண்டும், கெட் தோல்வியடைந்தால் மட்டும் புட் கூடாது. பொதுவான பிஎம் ரன்டைம் கெட் சிங்க் அப்படியில்லை, தோற்றாலும் பயன்பாட்டை எண்ணும் கவுன்டரை ஏற்றிவிடும், அந்தப் பழக்கத்தில் இங்கேயும் புட் போட்டால் கவுன்டர் கீழே போய்விடும். யூஆர்பி (யூஎஸ்பி தரவுக் கோரிக்கை) முடிந்ததும் ஓடும் கம்ப்ளீஷன் ஹேண்ட்லருக்குள் சாதாரண கெட் அழைக்கக் கூடாது, அந்த அழைப்பு காத்து நிற்கக்கூடியது, காத்திருக்காத அசிங்க் வடிவம் அதற்காகவே இருக்கிறது. சஸ்பெண்டில் ஓடிக்கொண்டிருக்கும் யூஆர்பிகளை நிறுத்துங்கள், ரெஸ்யூமில் திரும்பச் சமர்ப்பிக்கும்போது ஜிஎஃப்பி நோ-ஐஓ கொடியைப் (மெமரி தேட டிஸ்க்கைத் தொடாதே என்பது) பயன்படுத்துங்கள், இல்லையென்றால் மெமரிக்காக இன்னும் எழாத ஒரு டிஸ்க்குக்காகக் காத்து நின்றுவிடலாம். தானாகத் தரவு அனுப்பும் கருவியென்றால் ரிமோட் வேக்கப் (கருவியே எழுந்து கணினிக்குச் சைகை தருவது) தேவை என்று குறிக்காமல் விட்டால், தூங்கியபின் அதனால் கணினிக்குச் சைகை தரவே முடியாது.

அப்புறம், சஸ்பெண்ட் செய்தால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு கருவி புதிதாகத் தொடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 5 வோல்ட் அப்படியே இருக்கும். போர்ட்டின் மின்சாரத்தை நிஜமாகவே அணைக்க ஒவ்வொரு போர்ட்டையும் தனியாக அணைக்கத் தெரிந்த ஹப் வேண்டும், எல்லா ஹப்பிலும் அந்த சர்க்யூட் இருப்பதில்லை.