ரூர்க்கி போனால் பாலத்துக்குக் கீழேயும் பாருங்கள்

ஹரித்துவார் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரூர்க்கிக்கும் போய் வாருங்கள். அங்கே சோலானி ஆற்றின் மேல் கங்கைக் கால்வாயே பாலம் ஏறிப் போகிறது! பொறியாளர் காட்லியின் வேலை; 1854-ல் திறந்தார்கள்.

பலரும் மேலே உள்ள சிங்கச் சிலைகளோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அழகெல்லாம் கீழேதான். ஆற்றுப் பக்கமாகப் போய்ப் பார்த்தால், ஒவ்வொன்றும் 50 அடி அகலத்தில் 15 செங்கல் வளைவுகள் வரிசையாகத் தெரியும். அத்தனை தண்ணீரின் பாரமும் அவற்றின் மேல்தான். மழைக்காலத்தில் மட்டும் ஆற்றில் இறங்க வேண்டாம்.

அப்புறம், தசரா முதல் தீபாவளி வரை பராமரிப்புக்காகக் கால்வாயை அடைப்பது வழக்கம். தண்ணீர் ததும்பி ஓடுவதைப் பார்க்க ஆசையா? அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.