நந்தியாவட்டையில் பச்சைப் புழுவா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நேற்று வரை இலை நிறைந்திருந்த நந்தியாவட்டையில் இன்று காலை இரண்டு கிளைகள் வெறும் குச்சியாக நிற்கும். கீழே தரையில், மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, நெடுக வரி ஓடிய கரும்பச்சை உருண்டைகள் கிடக்கும். அது புழுவின் எச்சம். அந்த உருண்டைகளுக்கு நேர் மேலே இருக்கும் கிளையை நிதானமாகப் பார்த்தால் விரல் தடிமனில் பச்சைப் புழு ஒன்று இலைக்காம்பைப் பிடித்துக்கொண்டு இருக்கும். பல வீடுகளில் அடுத்து கைக்கு வருவது துடைப்பமோ மருந்துப் புட்டியோதான். கொஞ்சம் பொறுங்கள். அது அரளி அந்துப்பூச்சியின் புழு. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நெரீ. 1758-ல் லின்னேயஸ் விவரித்த பூச்சி இது. பெயரில் உள்ள 'நெரீ' அரளியைக் குறிக்கும். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் வாழும் இந்தப் பூச்சி, கோடையில் ஐரோப்பா வரைக்கும் பறந்து போகும்.

முதல் தவறு, இதையும் கம்பளிப்பூச்சி என்று நினைத்து அஞ்சுவது. அரிப்பு உண்டாக்குவது கம்பளிப்பூச்சியின் மயிர். இந்தப் புழுவின் உடம்பு வழவழப்பானது, மயிரே கிடையாது. வால் பக்கம் ஒரு கொம்பு இருக்கும். குட்டியாக இருக்கும்போது அது நூல் போல நீண்டு கறுப்பாகத் தெரியும். வளர்ந்த புழுவிலோ குட்டையாகி மஞ்சளாகிவிடும். அதைக் கொடுக்கு என்று பலர் நம்புகிறார்கள். அது கொட்டாது. தொட்டால் தலையை உள்ளே இழுத்து முன்பக்கத்தை உப்பிக்கொள்ளும். அப்போது கறுப்பு விளிம்பு கட்டிய இரண்டு நீலக் கண்கள் விழித்துப் பார்ப்பது போல இருக்கும். பாம்புக் குட்டி என்று பதறியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவை கண்களே இல்லை, பறவையை விரட்ட உடம்பில் அமைந்த பொட்டுகள். கவனமாக இருக்க வேண்டியது செடியிடம்தான். அரளியின் பாலும் இலையும் நஞ்சு, இதயத்தையே பாதிக்கும். கிளையைத் தொட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளை அரளி இலையோடு விளையாட விடாதீர்கள்.

அடுத்தது மருந்தடிப்பது. வேரூன்றி வளர்ந்த அரளியோ நந்தியாவட்டையோ இலை போனதால் செத்துவிடாது, திரும்பத் துளிர்க்கும். புழுவுக்காக அடிக்கும் மருந்து தேனீக்கும் சிலந்திக்கும் சேர்த்துத்தான் போகும். இந்தப் புழு தின்னும் இன்னொரு அழகுச் செடியான அடீனியம், அதுவும் தொட்டியில் இருக்கும் சின்னச் செடி என்றால் கவலை நியாயமானது. அப்போது புழு இருக்கும் கிளைத் துண்டை வெட்டி, பக்கத்தில் உள்ள பெரிய செடியில் வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு, என் மனதை உறுத்துவதும் அதுதான், புழு நிறம் மாறும் நாளில் நடக்கிறது. கடுகளவு வெளிர்பச்சை முட்டையிலிருந்து வந்த புழு இரண்டு மூன்று வாரம் தின்று ஏழெட்டு செ.மீ. நீளத்துக்கு வளர்கிறது. அப்புறம் ஒரு நாள் தின்பதை நிறுத்திவிட்டு, முதுகெல்லாம் கருத்துப் பழுப்பாகி, செடியை விட்டு இறங்கித் தரையில் வேகமாக ஊரும். பார்ப்பவருக்கு நோய் வந்து சாகப் போகிற மாதிரி இருக்கும். நான் முதன்முதலில் பார்த்தபோது அப்படித்தான் நினைத்து, ஒன்றைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். உண்மையில் அது கூடு கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தது. மரத்தில் தொங்குகிற வழக்கம் இதற்குக் கிடையாது. தரையில் சருகுக்கு இடையே மெல்லிய நூலால் சில இலைகளை இழுத்துக் கட்டி, உள்ளே வெளிர்பழுப்புக் கூட்டுப்புழுவாகிவிடும். செடிக்கடியில் சருகைக் கூட்டிக் கொளுத்தும்போது நாம் எரிப்பது இதைத்தான். நந்தியாவட்டை, அரளியின் கீழ் ஒரு முழ அகலத்துக்காவது சருகை விட்டு வையுங்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட வீட்டில் வளர்ப்பவர்கள் கண்ணாடிப் புட்டியில் மூடி போட்டு வைக்கிறார்கள். ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்துவிடும். வலை மூடிய அகலமான டப்பா போதும், அடியில் மண்ணும் சருகும் வேண்டும். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியின் இலையைத்தான் தர வேண்டும். அரளியில் வளர்ந்ததற்கு நித்தியகல்யாணி இலையைப் போட்டால், இரண்டுமே இதன் உணவுச் செடிகள்தான் என்றாலும், பெரும்பாலும் தொடாமல் பட்டினி கிடக்கும். கூட்டுப்புழுவைத் தினமும் எடுத்துப் பார்க்கவும் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் பூச்சி வெளியே வரும்போது சிறகு கசங்கிய துணி போல இருக்கும். அதைப் பிரித்துவிட நினைக்காதீர்கள். ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள், அது தானே ஏறித் தொங்கி சிறகை விரித்துக்கொள்ளும்.

வளர்ந்த பூச்சியிடம் செய்யும் தவறு வேறு விதம். சிறகை விரித்தால் 9 முதல் 11 செ.மீ. வரும். கரும்பச்சை, இளம்பச்சை, இளஞ்சிவப்பு, வெள்ளை எல்லாம் பளிங்குக்கல் போலக் கலந்து ஓடும். இரவு விளக்குக்கு வந்தது விடிந்தும் சுவரில் அசையாமல் இருந்தால் செத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணிச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறார்கள். அது உறங்குகிறது, அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் சிறகுகள் கடகடவென்று நடுங்கத் தொடங்கும். ஜன்னி வந்தது போலத் தெரியும் அந்த நடுக்கம், பறக்கும் தசைகளைச் சூடேற்றும் வேலை. அந்த நேரத்தில் பிடித்து வேறிடம் மாற்றினால் சிறகின் செதில்தான் உதிரும். செதில் பட்டால் கண் போய்விடும் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தவும் வேண்டாம்.

நடுக்கம் நின்றதும் அம்பு போலக் கிளம்பிப் போகும். அப்புறம் மல்லிகைப் பந்தல் பக்கம் பாருங்கள். பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலை உள்ளே விட்டுத் தேன் குடிக்கும். இருட்டில் தேன்சிட்டு என்று ஏமாறுவோம், ஆனால் தேன்சிட்டு அந்த நேரத்தில் அடைந்திருக்கும். பந்தலை விட்டுவிட்டு வாசல் விளக்கையே சுற்றிக்கொண்டிருந்தால் விளக்கை அரை மணி நேரம் அணைத்து வையுங்கள், பூவைத் தேடிப் போய்விடும்.