மலையக மண்ணில் அலசன்கள்: அறிக்கையின் எண்ணை நம்பி ஏமாறாதீர்கள்

அலசன்கள் என்பவை புளோரின், குளோரின், அயடீன் போன்ற தனிமங்கள். மண் பரிசோதனை அறிக்கையில் புளோரின் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்று கண்டதும் மண் நஞ்சாகிவிட்டதாகப் பதறுவதே நான் அதிகம் காணும் தவறு. உலக மண்களின் சராசரியே ஏறத்தாழ அவ்வளவுதான். அதில் பெரும்பகுதி கனிமங்களுக்குள்ளும் இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளின் மேலும் பிடிபட்டுக் கிடப்பதால், வேருக்கு எட்டுவது எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது.

அதைச் சொல்வது மண்ணின் அமிலத்தன்மை. அதை அளக்கும் எண் பி.எச்.; அது குறையக் குறைய அமிலம் கூடும். தேயிலைக்கு உகந்த பி.எச். 4.5 முதல் 5.5 வரையான மண்ணில், குறிப்பாக 4.5-ஐ ஒட்டிய மண்ணில், அலுமினியம் கரைந்து புளோரைட்டுடன் இணைகிறது. செடி அதைத் தாராளமாக உறிஞ்சி, கொழுந்தைவிட முதிர்ந்த இலைகளிலேயே மிகுதியாகச் சேர்த்து வைக்கிறது. கவ்வாத்தில் வெட்டிப்போடும் கிளை, இலைக் கழிவு மக்கும்போது அது மேல்மண்ணுக்கே திரும்புகிறது. அதற்காகக் கழிவை அள்ளி அகற்றுவது இன்னொரு தவறு. சரிவில் மண்ணைக் காப்பதே அந்தச் சேதனப் பொருள்தான். எப்பாவலவில் வெட்டியெடுக்கும் பாறைப் பசளையான எப்பாவல பொஸ்பேட்டிலும் புளோரின் உண்டு என்பதால், பசளைக் கணக்கில் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அனுராதபுரத்துக் கிணற்று நீரின் புளோரைட்டுச் சிக்கலை நுவரெலியாவுக்கு அப்படியே ஏற்றிப் பேசுவதும் பொருந்தாது. வறண்ட வலயத்தில் ஆவியாதல் அதைச் செறிவாக்குகிறது; இங்கே மழை கழுவிக்கொண்டு போகிறது.

அயடீனில் தவறு வேறு வகையானது. கடலிலிருந்து தொலைவு என்பதாலேயே மலையில் அயடீன் இல்லை என்பார்கள். ஆனால் கடலோரக் களுத்துறையிலும் ஒருகாலத்தில் அயடீன் குறைவால் வரும் தொண்டைக் கழலை பரவலாக இருந்தது. மண்ணில் அயடீன் இருந்தும், சேதனப் பொருளும் ஒட்சைட்டுகளும் அதை இறுகப் பிடித்துக்கொண்டால் பயிருக்கு அதிகம் கிடைக்காது.

மண்ணில் குளோரின் இருக்கும் வடிவமான குளோரைட்டு எதனுடனும் ஒட்டாமல் மழையோடு போய்விடும். ஆயினும் உருளைக்கிழங்குப் பாத்தியில் நடுகைக்குச் சற்று முன் பொட்டாசியம் குளோரைட்டை அள்ளிப் போட்டால் கிழங்கின் மாச்சத்துக் குறையும். பொட்டாசியத்தின் சல்பேட்டு வடிவம் விலை கூடினாலும் அங்கு அதுவே மேல்.

மாதிரி எடுப்பதில் நேரும் பிழையோ எல்லாவற்றையும் வீணாக்கிவிடும். ஒருவர் கொண்டுவந்த பையைத் தாளில் கொட்டியபோது, மண்ணோடு இளஞ்சிவப்புப் பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைட்டு) மணிகள் கரையாமல் கிடந்தன. முந்திய வாரம் பசளை போட்ட செடியடியில் அள்ளியிருக்கிறார். அந்த மண்ணில் குளோரைட்டு அளந்து என்ன பயன்? பசளை இடுமுன், பல இடங்களில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகே வைத்துச் சூடாக்கினால் அயடீனில் ஒரு பகுதி ஆவியாகிவிடக்கூடும்.